லிஸ்பனுக்கு ஒரே நாள்தான் என்றால்

லிஸ்பனுக்குத் தனியாக, அதுவும் கையில் ஒரே ஒரு நாளோடு போகிறவர்களுக்கு, பயண வழிகாட்டிகள் ஏறத்தாழ ஒரே அட்டவணையைத்தான் நீட்டுகின்றன. காலையில் பெலேம்: ஆற்றோரக் கோபுரம், ஜெரோனிமுஷ் மடாலயம், வரிசையில் நின்று வாங்கும் கஸ்டர்ட் பேஸ்ட்ரி. மதியம் நகர மையத்துக்குத் திரும்பி சாந்தா ஜுஷ்தா லிஃப்ட், 28ஆம் எண் டிராம், செயின்ட் ஜார்ஜ் கோட்டை. இருட்டியதும் ஃபாடோ பாட்டு. என் கருத்து வேறு. ஒரே நாள்தான் என்றால் பெலேமை விட்டுவிடுங்கள், டிராமில் ஏறாதீர்கள். ரோசியு சதுக்கத்திலிருந்து தெற்கே ஆற்றங்கரை வரைக்கும், அங்கிருந்து கிழக்கே அல்ஃபாமா மேடு வரைக்கும் உள்ள சின்ன நிலப்பரப்பை மட்டும் காலை முதல் மாலை வரை நடந்து பாருங்கள். குறுக்கே நடந்தால் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் வரும். இதற்கா ஒரு முழு நாள் என்று கேட்கத் தோன்றும். அந்த நகரத்துக்கு நடந்தவற்றில் மிகப் பெரிய சம்பவத்தின் தடம் இந்த ஒரு கிலோமீட்டரில்தான் இருக்கிறது. அது தெரு அகலத்திலும் ஏற்றத்திலும் திருப்பத்திலும் பதிந்திருப்பதால் கண்ணைவிடக் காலுக்குத்தான் நன்றாகப் புலப்படும்.

1755ஆம் ஆண்டு நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல், தேவாலயங்கள் எல்லாம் நிரம்பி, பீடங்களில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்த வேளையில் நிலம் குலுங்கியது. இடிபாடுகளுக்குத் தப்பியவர்கள் திறந்த வெளி என்று நம்பி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். தேஜு ஆறு, நம் பாடப்புத்தக வரைபடங்களில் டேகஸ் என்றிருக்குமே அதுதான், முதலில் உள்வாங்கியது. பிறகு கடல் அலையாக ஏறி வந்தது. அதற்குள் விழுந்த மெழுகுவத்திகளிலும் அடுப்புகளிலும் பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை, ஆனால் எல்லாமே பல்லாயிரங்களில்தான் இருக்கின்றன. ஆற்றோர அரண்மனையும், அதிலிருந்த சுமார் 70,000 நூல்கள் கொண்ட அரச நூலகமும், அதே ஆண்டுதான் திறக்கப்பட்ட இசை நாடக அரங்கும் போயின. அரசர் முதலாம் ஜோசே அன்று குடும்பத்தோடு பெலேம் பக்கம் இருந்ததால் பிழைத்தார். அதற்குப் பிறகு கல் கட்டடத்துக்குள் குடியிருக்கவே அவர் அஞ்சினார். அஜுதா மேட்டில் மரத்தால் கட்டிய மாளிகையில்தான் மிச்ச வாழ்நாள் கழிந்தது. ஓர் அரசனையே இப்படி மாற்றிவிட்ட காலைப்பொழுது அது.

அடுத்து நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியம். நிலம் குலுங்கி ஒரு மாதம் ஆனதுமே, டிசம்பர் தொடக்கத்தில், அரசின் தலைமைப் பொறியாளர் மனுவேல் தா மாயா தன் அறிக்கையின் முதல் பகுதியைக் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 78. பழைய நகரத்தை இருந்தபடியே கட்டலாம். தெருக்களைக் கொஞ்சம் அகலப்படுத்திக் கட்டலாம். மாடிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் கட்டலாம். தாழ்வான நடுப்பகுதியை முழுக்கத் தரைமட்டமாக்கிவிட்டுப் புதிதாகக் கோடு கிழித்துக் கட்டலாம். அல்லது இந்த இடத்தையே கைவிட்டு மேற்கே, பெலேம் பக்கம், வேறொரு லிஸ்பனை எழுப்பலாம். இப்படி ஐந்து வழிகளை அவர் அடுக்கினார். பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்ற அமைச்சர் செபஸ்தியாவும் அரசரும் நான்காவதைத் தேர்ந்தார்கள். பெலேம் பக்கம் போய்விடும் வாய்ப்பு கையில் இருந்தும், இடிந்து எரிந்து சேறாகிக் கிடந்த இடத்திலேயே நகரம் தங்கிவிட்டது. ஒரு நாள் பயணியும் அந்தத் தேர்வின் பின்னால் போவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

எனவே காலையில் ரோசியுவிலிருந்து தெற்கு நோக்கி, பைஷா என்னும் அந்தத் தாழ்நிலத்துக்குள் இறங்குங்கள். முதலில் கால் உணர்வது சமதளத்தைத்தான். குன்றுகளால் ஆன இந்த நகரத்தில் தரை இவ்வளவு மட்டமாக இருப்பதே ஒரு தடயம். ஒரு காலத்தில் இது ஆற்றின் ஒரு கிளை உள்ளே நுழைந்திருந்த ஓடை. தூர்ந்து மண் சேர்ந்து நகரமானது. அப்படிச் சேர்ந்த இளகிய மண் நிலநடுக்கத்தைத் தாங்காது. அடுத்து, தெருக்கள் ஒன்றையொன்று நேர்கோணத்தில் வெட்டுவதையும், வீடுகளின் உயரமும் சன்னல்களின் அளவும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வருவதையும் கவனியுங்கள். சலிப்பாக இருக்கிறது என்று இந்தத் தெருக்களை வேகமாகத் தாண்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஒற்றுமையில்தான் விஷயமே இருக்கிறது. கதவு, சன்னல், மரச்சட்டம் எல்லாவற்றையும் குறித்த அளவுகளில் வேறிடத்தில் செய்து கொண்டுவந்து பொருத்தினார்கள். திட்டத்துக்குப் புறம்பாக எவரும் தன் இஷ்டத்துக்குக் கட்டக் கூடாது என்று ஆணை இருந்தது. 1760இல் தெருக்களைத் தொழில்வாரியாக ஒதுக்கினார்கள்: பொற்தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு, சேணம் தைப்பவர் தெரு, பொன்முலாம் பூசுவோர் தெரு, துணிக்கடைக்காரர் தெரு. இன்றைக்கும் மூலைச் சுவர்களில் அந்தத் தொழில்களின் பெயர்கள்தான்.

இந்தக் கட்டடங்களின் சுவருக்குள் ஒரு மரக்கூண்டு இருக்கிறது. போர்த்துகீசியத்தில் ‘கயோலா’ என்றால் கூண்டு என்றே பொருள். நிற்கும் கட்டைகளையும் படுக்கும் கட்டைகளையும் சட்டமாக்கி, ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் பெருக்கல் குறி போலக் குறுக்குக் கட்டைகளைப் பொருத்தி, இடைவெளியைக் கல்லாலும் காரையாலும் நிரப்பிப் பூசிவிட்டார்கள். நிலம் ஆடினால் கல் உதிரும், மரம் வளைந்துகொடுத்து ஆட்களைக் காப்பாற்றும் என்பது கணக்கு. மாதிரி ஒன்றைச் செய்து, அதைச் சுற்றிப் படைவீரர்களைக் காலை உதைத்து நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தரைத்தளத்தில் கல் வளைவுகள், மேலே கூண்டு, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே கூரைக்கு மேலும் எழும்பும் தீத்தடுப்புச் சுவர். இந்தச் சுவர்கள் கூரை வரிசையைத் துண்டு துண்டாக நறுக்குவது போல நீட்டிக்கொண்டு நிற்பதைத் தெருவிலிருந்து தலையை நிமிர்த்தினாலே பார்க்கலாம். அடியில் என்ன இருக்கிறது என்பதற்கும் ஒரு வழி உண்டு. சேணம் தைப்பவர் தெருவில், ஒரு வங்கிக் கட்டடத்துக்குக் கீழே 1990களில் அகழ்ந்து கண்டதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு போனால் வழிகாட்டியோடு இறங்கலாம். ரோமானியர் மீனை உப்பிலிட்ட தொட்டிகள் அங்கே உள்ளன. அவற்றுக்குப் பக்கத்திலேயே, 1755க்குப் பிறகு அடித்து இறக்கிய பைன் மரக் குச்சிகளின் தலைகள் ஈரத்தில் கறுத்து வரிசையாக நிற்கின்றன. தண்ணீருக்குள் காற்று படாமல் இருக்கும்வரை மரம் அழுகாது. ஒரு நகரத்தின் பாரத்தைச் சேற்றுக்குள் தாங்கிக்கொண்டிருக்கும் அந்தக் குச்சிகளை முழங்கால் உயரத்தில் நேருக்கு நேர் பார்ப்பது, கோட்டை மேட்டிலிருந்து பார்க்கும் எந்தக் காட்சிக்கும் குறைந்ததில்லை.

பைஷாவிலிருந்து கிழக்கே நகர்ந்தால் எல்லைக்கோடு வருகிறது. கருவாடாய் உலர்த்திய காட் மீன் விற்றவர்களின் பெயரைத் தாங்கிய தெருவில் ‘காசா துஷ் பிக்குஷ்’ என்ற வீடு. முகப்பு முழுக்கக் கூர்கூராய் வைரப் பட்டை தீட்டிய கற்கள். 1523இல் இதைக் கட்டியவர் பிராஷ் த அல்புகெர்க்கே; கோவாவைப் பிடித்த அஃபோன்சு த அல்புகெர்க்கேயின் மகன். 1755இல் மேல்மாடிகள் இரண்டும் விழுந்துவிட்டன. அதன்பின் இருநூறாண்டுக்கு மேல் அடிப்பகுதி மட்டும் மொட்டையாக நின்று, காட் மீன் கிடங்காகவும் இருந்து, 1980களின் தொடக்கத்தில்தான் மேல்மாடிகளைத் திரும்பக் கட்டினார்கள். பழைய சன்னல் எது, புதுச் சன்னல் எது என்று எதிர்ப்பக்கம் நின்று உற்றுப் பார்த்தால் பிடிபடும். இன்று உள்ளே நாவலாசிரியர் ஜோசே சரமாகுவின் அறக்கட்டளை இயங்குகிறது. வாசலுக்கு எதிரே அவர் பிறந்த ஊரிலிருந்து கொண்டுவந்து நட்ட ஒலிவ மரத்தின் அடியில் அவர் சாம்பல் இருக்கிறது. இந்த வீட்டின் இடப்பக்கம் நூல் பிடித்த நேர்த்தெருக்கள், வலப்பக்கம் வளைந்து ஏறும் சந்துகள். இடையில் சில நிமிட நடைதான்.

அந்தச் சில நிமிடங்களில் காலுக்கு என்ன ஆகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சமதளம் முடிந்து கணுக்கால் இழுபடத் தொடங்கும். தெரு பாதியாகச் சுருங்கும், பிறகு அதிலும் பாதி. அல்ஃபாமா பாறை மேல் அமைந்த பகுதி. 1755இல் அதற்கும் அடி விழுந்தது, தேவாலயங்கள் இடிந்தன, ஆனாலும் பழைய தெருவமைப்பு பெருமளவு பிழைத்துக்கொண்டது. பெயரே அரபியிலிருந்து வந்தது; வெந்நீர் ஊற்று என்று பொருள். 1147இல் போர்த்துகல் அரசர் அஃபோன்சு ஹென்ரிக்கேஷ் இந்த ஊரை முஸ்லிம் ஆட்சியிலிருந்து கைப்பற்றுவதற்கு முன் வகுத்த சந்துகளின் போக்கு இன்னும் மாறவில்லை. இங்கே தெரு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. ‘பெக்கு’ என்றால் முட்டுச்சந்து, ‘திரவேசா’ என்றால் குறுக்குச் சந்து, ‘எஷ்கதிஞ்ஞாஷ்’ என்றால் படிக்கட்டுத் தெரு, ‘கல்சாதா’ என்றால் மேடேறும் கல்பாவிய தெரு. சுவரில் பதித்த பெயர்ப்பலகையே முன்னால் ஏற்றமா, படியா, முட்டா என்று சொல்லிவிடுகிறது. ஃபோன் வரைபடத்தில் நூறு மீட்டர் என்று காட்டும் தூரம், நடுவில் அறுபது படியும் ஒரு முட்டுச்சந்தும் இருப்பதைச் சொல்வதில்லை. நடக்கிறவருக்கு அது மூச்சிலேயே தெரிந்துவிடும். நிலநடுக்கத்துக்கு முந்தைய நகரம் எப்படி இருந்தது, தீ ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது, ஜனங்கள் ஏன் தப்பி ஓட முடியவில்லை என்ற கேள்விகளுக்கு, பைஷாவைக் கடந்து வந்த கால்களோடு ஓர் அல்ஃபாமா முட்டுச்சந்தில் நின்றாலே பாதி விடை கிடைத்துவிடும்.

டிராம் ரசிகர்கள் கேட்பார்கள்: 28ஆம் எண் வண்டியும் இதே எல்லையைத்தானே தாண்டுகிறது, உட்கார்ந்தபடியே பார்த்தால் என்ன? 1930களின் அந்த மஞ்சள் மரப்பெட்டிகள் அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் டிராம் ஏற்றத்தை விழுங்கிவிடுகிறது. பைஷாவில் ஏறினால் தலைமைத் தேவாலயத்தைத் தாண்டி போர்த்தாஷ் து சோல் காட்சிமேடைக்கு அது கொண்டுபோய் விட்டுவிடும். இடையில் நிலம் மாறியது உடம்புக்குத் தெரியாது. அல்ஃபாமாவின் சந்துகளுக்குள் அது நுழையவும் முடியாது. போதாக்குறைக்கு நெரிசல், பர்ஸைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டிய கவலை. இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதைப் பெர்னாந்து பெஸோவாவே தருகிறார். லிஸ்பனைக் கவிதையாலும் உரைநடையாலும் நிரப்பிய அந்தத் தனியன், பைஷாவின் வணிக அலுவலகங்களில் வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதிப் பிழைத்தவர், 1925 வாக்கில் ஆங்கிலத்தில் ஒரு சுற்றுலா வழிகாட்டி எழுதி வைத்தார்; அவர் காகிதங்களிலிருந்து எடுத்து 1992இல் அதை அச்சிட்டார்கள். அதில் அவர் பயணியை மோட்டார் காரில்தான் ஏற்றிக்கொண்டு போகிறார். பெஸோவாவே கார் போதும் என்றால் நடப்பானேன் என்று கேட்கலாம். அந்த வழிகாட்டியையும் ‘அமைதியின்மையின் நூல்’ என்ற அவருடைய உரைநடையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முன்னது கட்டடங்களின் பெயர், ஆண்டு, சிலை என்று அடுக்கிக்கொண்டே போகிறது. பின்னதில் பொன்முலாம் பூசுவோர் தெருவின் ஒரு கணக்குப்பிள்ளை, அந்த ஒரே தெருவையும் அதன் மழையையும் வெளிச்சத்தையும் சுற்றியே தன் உலகம் முழுவதையும் கட்டிக்கொள்கிறான். கார் பட்டியலைத் தந்தது, நடை புத்தகத்தைத் தந்தது. இதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டாம்.

தனியாக ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். நால்வராகப் போனால் பேச்சுத்துணை உண்டு, செலவு குறையும், படம் எடுக்க ஆள் இருக்கும். எல்லாம் சரிதான். ஆனால் இந்த நடைக்கு வேண்டியது, நின்ற இடத்தில் நிற்கவும், முட்டுச்சந்துக்குள் நுழைந்து வந்த வழியே திரும்பவும், ஒரே தெருவை இரண்டாம் முறை நடக்கவும் முடிகிற சுதந்திரம். கூட்டமாகப் போகும்போது ஒவ்வொரு திருப்பமும் ஒரு பேச்சுவார்த்தை ஆகிவிடுகிறது. ஒருவருக்குப் பசி, ஒருவருக்குக் கால் வலி, தவறான சந்துக்குள் கூட்டிப்போனவர் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை. அல்ஃபாமாவில் தவறான சந்து என்பதே கிடையாது. ஆனால் உடன் வருகிறவர்களிடம் அதை எட்டாவது முறையாகச் சொல்ல முடியாது. இன்னொன்று தரையைப் பற்றியது. லிஸ்பனின் நடைபாதை, உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைச் சுண்ணக்கல்லும் கறுப்புக் கல்லும் சேர்த்துக் கையால் பாவியது. கல்பாவுகிறவர் குந்தி உட்கார்ந்து, கல்லை ஒரு கையில் ஏந்தி, சிறு சுத்தியலால் விளிம்பைத் தட்டி, பக்கத்துக் கல்லோடு இழையும்வரை பார்த்து மணல் படுக்கையில் பொருத்துகிறார். 1842இல் கோட்டை வளாகத்தில் கைதிகளை வைத்துத் தொடங்கிய வேலை இது. 1849க்குள் ரோசியு முழுக்க அலை அலையாக விரிந்துவிட்டது. பிரேசிலின் கோப்பகபானா கடற்கரை நடைபாதையில் காண்கிற அலைகளுக்கு இதுவே முன்னோடி. மழை பெய்தால் இந்தக் கல் வழுக்கும். தரையைப் பார்த்தே நடக்க வேண்டிய ஊரில், பேசிக்கொண்டே நடக்கிறவர் ஒன்று இந்தக் கல்லைத் தவற விடுவார், இல்லையென்றால் காலை.

இனி, நம் வாசகர்கள் கட்டாயம் எழுப்பப்போகும் பெரிய மறுப்பு. பெலேமை விட்டுவிடச் சொல்வது எப்படிச் சரியாகும்? வாஸ்கோ ட காமாவின் கல்லறை ஜெரோனிமுஷ் மடாலயத்தில்தானே இருக்கிறது? அவர் இறந்ததே 1524இல் நம் கொச்சியில். அந்த மடாலயம் எழுந்தது கிழக்கத்திய வணிகத்தின் வரிப்பணத்தில். இந்தியாவிலிருந்து போகிறவர் அதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? மறுப்பில் நியாயம் உண்டு, இரண்டு நாள் இருந்தால் இரண்டாம் நாள் அங்கேதான் போக வேண்டும். ஒரே நாளில் என் கணக்கு வேறு. பெலேம் மையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. போக, வர, வரிசையில் நிற்க என்று பாதி நாள் அதற்கே போய்விடும். அதோடு, பேரரசு தன்னை எப்படிக் காட்ட விரும்பியதோ அந்தத் தோற்றம்தான் அங்கே இருக்கிறது. மக்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது மையத்தில்தான் தெரியும். தமிழருக்கு லிஸ்பனோடு உள்ள உறவு ட காமாவோடு முடிந்துவிடுவதும் இல்லை. தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறியது இந்த ஊரில்தான்: 1554இல், ரோமன் எழுத்தில் தமிழையும் அதற்குப் போர்த்துகீசியப் பொருளையும் தந்து, கறுப்பு சிவப்பு என்ற இரண்டு மைகளில் அச்சிட்ட ‘கார்த்தில்யா’. தமிழறிந்த மூன்று இந்தியக் கிறிஸ்தவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. கொல்லத்தில் 1578இல் தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாவதற்கு 24 ஆண்டுகள் முன்பு அது. அந்த லிஸ்பன் 1755க்கு முந்தையது. அதன் சந்து எப்படி இருந்திருக்கும் என்று உணர அல்ஃபாமாதான் கையில் இருக்கிறது, பெலேம் அல்ல.

இன்னோர் உறவும் உண்டு, அது எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. நம்மூரில் கோடி அற்புதர் என்று கூப்பிடும் பதுவைப் புனித அந்தோணியார் பதுவையில் பிறந்தவர் அல்லர். அங்கே 1231இல் இறந்தவர். பிறந்தது லிஸ்பனில், தலைமைத் தேவாலயத்துக்குக் கூப்பிடு தூரத்தில். உவரியிலும் கச்சத்தீவிலும் எவர் பெயரால் கொடி ஏறுகிறதோ அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. 1755இல் இடிந்தது, நிலவறை மட்டும் தப்பியது. 1767இல் தொடங்கித் திரும்பக் கட்டியபோது, தெருப் பிள்ளைகள் சிறு பீடம் வைத்து ‘அந்தோணியாருக்கு ஒரு காசு’ என்று வழிப்போக்கர்களிடம் கேட்டுச் சேர்த்த பணமும் அதில் சேர்ந்தது என்பது ஊர் வழக்கு. 28ஆம் எண் டிராம் இந்த வாசலை ஒட்டித்தான் போகிறது.

ஒரு பேரழிவைச் சுற்றியே நாளைச் செலவழித்தால் நகரத்தின் மற்ற கதைகள் விடுபடாதா என்றும் கேட்கலாம். விடுபடும். ஆனால் நினைப்பதைவிடக் குறைவாக. ரோசியுவின் வடகோடியில் இப்போது தேசிய நாடக அரங்கு நிற்கும் இடத்தில்தான் சமய விசாரணை மன்றத்தின் அரண்மனை இருந்தது. அதற்கு அடுத்தாற்போல் புனித தோமினிக் தேவாலயம். 1506இல், கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான யூதர்களைக் கொன்று குவித்த வெறியாட்டம் இங்கேதான் தொடங்கியது. 2008இல் வெளிச் சதுக்கத்தில் தாவீதின் நட்சத்திரம் பொறித்த நினைவுக்கல் வைத்தார்கள். உள்ளே போனால் இன்னொரு அதிர்ச்சி. 1755இல் இடிந்து, மீண்டும் கட்டி, 1959இல் தீப்பிடித்து எரிந்த தேவாலயம் இது. 1994இல் திறந்தபோது தூண்களைச் சீர்செய்து மெழுகிவிடவில்லை. சூட்டில் வெடித்துப் பாளம் பாளமாகக் கழன்ற கல், விளிம்பு தின்னப்பட்ட பலிபீடத் தூண்கள், புகை ஏறிய சுவர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அந்தக் கல்லுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனால், மரப்பட்டை உரிந்தது போல அது அடுக்கடுக்காய்ப் பிரிந்திருப்பது தெரியும். அன்றாடப் பூசைக்கு வந்த பாட்டிமார் அந்தத் தூண்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்து செபிக்கிறார்கள். அழிவை மறைத்துப் பூசிவிடாத இந்த மனம், மேற்குக் குன்றில் கூரையில்லாமல் நிற்கும் கார்மு மடத்துக் கோயிலிலும் தெரிகிறது. அதே கார்மு வாசலில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று போர்த்துகலின் சர்வாதிகார ஆட்சி சரணடைந்தது. ஒரு கிலோமீட்டருக்குள் எவ்வளவு அடங்கிவிடுகிறது என்று பாருங்கள்.

முழங்கால் வலியோடு வருகிறவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? இந்த மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கோட்டை மேடு கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேல். அல்ஃபாமாவின் படிகளுக்குச் சரியான மாற்றுவழி கிடையாது, இருக்கிறது என்று சொல்வது ஏமாற்று. ஆனால் பைஷா முழுக்கச் சமதளம், அங்கே மட்டும் ஒரு நாள் கொள்ளும். துணிக்கடைக்காரர் தெருவிலிருந்து மேலே போக 2013 முதல் கட்டணமில்லாத நகராட்சி லிஃப்ட் உண்டு. அதில் ஏறி, இன்னொரு லிஃப்டும் பிடித்தால் மேட்டின் பெரும்பகுதி கழிந்துவிடும். மேலே ஏறி இறங்கிவந்தாலும் எல்லைக்கோடு தெரியும். ஏறும்போது தொடை சொன்னதை இறங்கும்போது முழங்கால் சொல்லும்.

தனியாகப் போகும் பெண்களின் கேள்வி வேறு. உலக அமைதிக் குறியீட்டில் போர்த்துகல் பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஒரு முட்டுச்சந்தில் அந்தக் குறியீடு துணைக்கு வராது. இந்த நடை பகலுக்கானது. காலையில் பைஷா, வெயில் ஏறும்போது தேவாலயங்களின் நிழல், பிற்பகல் அல்ஃபாமா என்று வைத்துக்கொண்டால் இருட்டும்போது நீங்கள் ஆற்றங்கரைச் சதுக்கத்தின் வெளிச்சத்தில் இருப்பீர்கள். விசாக் கட்டணமே 90 யூரோ, டிக்கெட் வேறு, இவ்வளவு செலவழித்துப் போய் ஒரு கிலோமீட்டர் பார்த்துவிட்டு வருவதா என்ற மனக்குறையும் எனக்குப் புரிகிறது. அப்படிச் செலவழித்தவருக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஆறு இடங்களில் எடுத்த படங்கள் எல்லாரிடமும் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. தரை மாறுவதைப் படத்தில் எடுக்க முடியாது. அதற்குத்தான் விமானம் ஏறிப் போக வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு மறுப்பு, இதுதான் எனக்கு மிகவும் கனமானது. அல்ஃபாமா காட்சிச்சாலை அல்ல. ஜனங்கள் குடியிருக்கும் இடம். வீடுகள் சுற்றுலா வாடகைக்கு மாற மாற, தலைமுறையாக இருந்தவர்கள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். 2018இல் அல்ஃபாமா, மொராரியா, கோட்டைப் பகுதிகளில் புதிய சுற்றுலா வாடகை உரிமங்களை நகராட்சி நிறுத்திவைக்க வேண்டிவந்தது. தனியாக நடக்கிறவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தானே? ஆம். அந்தப் பொறுப்பிலிருந்து நடை யாரையும் விடுவித்துவிடாது. ஆனால் செய்யக்கூடியது ஒன்றிரண்டு உண்டு. அந்தச் சந்துக்குள் அறை எடுக்காமல், ஹோட்டல்களுக்கென்றே உள்ள பகுதியில் தங்கலாம். மதியச் சாப்பாட்டை, வாசலில் ஆள் நின்று கூப்பிடாத, அன்றைய உணவைக் காகிதத்தில் எழுதி ஒட்டிய ‘தாஷ்கா’ என்னும் சிறு உணவகம் ஒன்றில் சாப்பிடலாம். சக்கரம் வைத்த பெட்டியை அந்தக் கற்களின் மேல் உருட்டாமல் இருக்கலாம். படுத்திருக்கும் ஒரு முதியவருக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே போதும். கொடியில் காயும் துணியையும் திறந்திருக்கும் சன்னலையும் படமெடுக்காமல் கடந்து போகலாம்.

கோட்டை மேட்டுக்கு மறுபுறம், மொராரியாவில், மாவுச் சந்து என்று பொருள்படும் ‘பெக்கு தாஷ் ஃபரிஞ்ஞாஷ்’ இருக்கிறது. ஒளிப்படக் கலைஞர் கமிலா வாட்சன் அங்கே குடியிருந்த முதியவர்களைப் படமெடுத்து, அந்தச் சந்தின் சுவர்களிலேயே கறுப்பு வெள்ளையில் பதித்திருக்கிறார். கூட்டமாக வருகிறவர்கள் பேசிக்கொண்டே தாண்டிவிடுவார்கள். தனியாக வந்தவருக்கு, இடுக்கான அந்தச் சந்தில், கைக்கெட்டும் தூரத்தில் ஒவ்வொருவராக முகம் பார்த்துக் கடக்க நேரம் இருக்கும்.